ஒரே ஒரு விதியைக் கொண்டு ஒரு போர்க்கலையை அறிய முடியுமா? அதிகம் அறியப்படாத கலைகளைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். சிறு வயதில் எங்கள் ஊர் ஆசானிடம் சிலம்பம் பயின்றவன் நான். இப்போது மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு மொட்டைமாடியில் அதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ ஆகியவற்றைப் பற்றி அந்தப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அவர்கள் கேள்விப்படாத கலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதிலும் பிற நாடுகளில் உழவரும் மேய்ப்பரும் கைத்தொழிலாளரும் வளர்த்த கலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று விரும்பித் தேடியபோது, கிடைத்தவை எல்லாம் பெயர்ப் பட்டியல்களாகவே இருந்தன. ஒரு நாடு, ஒரு பெயர், ஒரு வரி விளக்கம், ஒரு படம் என்று முடிந்துவிடுகிற அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கும் எதையும் புரியவைக்க முடியாது.

ஆகவே என் கேள்வியை வேறு விதமாக வைக்கிறேன். ஒரு கலையின் குணத்தை அதன் அடிகளையும் வீச்சுகளையும்விட அதன் விதிகளில் ஏதேனும் ஒன்று தெளிவாகக் காட்டிவிடும் என்பது என் எண்ணம். எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது, எதிரே நின்ற பையனின் கம்பு கைதவறிக் கீழே விழுந்தது. அந்தக் கணத்தைப் பயன்படுத்தி நான் அவன் தோளில் அடித்துவிட்டேன். ஆசான் ஒரு சொல்லும் பேசாமல் என் கையிலிருந்த கம்பை வாங்கிச் சுவரில் சாத்தினார். அடுத்த ஒரு வாரம் முழுவதும் நான் வெறுங்கையுடன் காலடி மட்டுமே போட்டேன். கம்பைத் தவறவிட்டவன் அதை எடுத்து நிமிரும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய களத்தின் விதி. அந்த ஒரு வாரத்தில் சிலம்பத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை அதற்கு முந்தைய ஓராண்டில் தெரிந்துகொள்ளவில்லை.

அப்படி, ஒரே விதியில் தன் முகத்தைக் காட்டுகிற கலைகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். நேரில் பார்த்தவர்களோ பயின்றவர்களோ எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

மறுமொழி 1

வணக்கம் தம்பி. நைஜீரியாவில் 1976-இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்னும் திட்டம் வந்த பிறகு, நம் நாட்டிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் அங்கே வேலைக்குச் சென்றார்கள். அவர்களுள் நானும் ஒருவன். கானோ நகருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் கணிதம் கற்பித்தேன். மழைக்காலம் முடிந்து கம்பும் சோளமும் களத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பக்கத்து ஹவுசா மக்களிடையே டாம்பே என்ற குத்துச்சண்டை தொடங்கிவிடும். இறைச்சி வெட்டும் தொழிலை வழிவழியாகச் செய்துவந்த குலத்தார் வளர்த்த கலை அது. அறுவடைக்குப் பின் அவர்கள் ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊர் இளைஞர்களைச் சண்டைக்கு அழைப்பார்கள்.

நீங்கள் கேட்ட ஒற்றை விதி டாம்பேயில் கையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. வீரர் தம் வலுவான கையை மட்டும் முழங்கை வரை துணியால் சுற்றி, அதன்மேல் கயிற்றை இறுக்கி முடிந்துகொள்வார். அடிப்பதற்கு உரியது அந்த ஒரு கை மட்டுமே; அதற்கு ஈட்டி என்று பெயர். மற்றொரு கை கேடயம். அதை விரல் விரித்து முன்னே நீட்டியபடி எதிராளியின் தலையருகே பிடித்திருப்பார்கள்; அதனால் தடுக்கலாம், தள்ளலாம், பற்றலாம், ஆனால் குத்தக் கூடாது. ஆக, வெறுங்கையுடன் வந்து நிற்கும் இருவரும் உண்மையில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய இரண்டு போர்வீரர்களாக நிற்கிறார்கள். கால்களால் உதைப்பதும் உண்டு. முன்காலில் சங்கிலி சுற்றிக்கொண்டு வந்தவர்களையும் அக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

மூன்று சுற்றுகள் நடக்கும். சுற்றுக்குக் கால அளவு கிடையாது. ஒருவரின் கையோ முழங்காலோ உடம்போ மண்ணைத் தொட்டால் சுற்று முடிந்தது. அப்படி எதிராளியை வீழ்த்துவதற்கு அவர்கள் மொழியில் கொன்றுவிட்டதாகவே சொல்வார்கள். நான் பார்த்த ஒரு சண்டையில் இருவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேடயக் கையை மட்டும் அசைத்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்கள். மத்தளக்காரர் ஒவ்வொரு வீரரின் பட்டப்பெயரையும் தாளத்தில் அழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈட்டிக் கை ஒரே ஒரு முறை பாய்ந்தது. தாளம் சட்டென்று நின்றபோதுதான் ஒருவர் மண்ணில் கிடப்பதைக் கவனித்தேன். அடியை நான் பார்க்கவே இல்லை.

கயிற்றைப் பிசினில் நனைத்துக் கண்ணாடித் துகளில் புரட்டும் வழக்கம் முன்பு இருந்தது. அது பின்னர் தடை செய்யப்பட்டது. கொடுமையான விளையாட்டு என்று அப்போது நான் நினைத்தேன், இப்போதும் ஒரு பகுதி மனம் அப்படித்தான் நினைக்கிறது. ஆனாலும் ஈட்டியும் கேடயமும் படைகளை விட்டுப் போன பிறகு, அவற்றின் நினைவை இரண்டு வெறுங்கைகளில் ஒரு மக்கள் கூட்டம் காப்பாற்றி வைத்திருந்ததே, அதை மறக்க முடியவில்லை.

மறுமொழி 2

கேள்விக்கு மிக்க நன்றி, ஐயா. ஆய்வுக்காகத் தென்கொரியாவின் சுங்ஜு நகரில் மூன்று ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் தெக்கியோன் என்னும் கலையைப் பற்றி எழுத விரும்புகிறேன். டேக்வாண்டோவை அறிந்த உங்கள் பிள்ளைகளுக்கு, அதே நாட்டில் அதைவிட மிகப் பழைய ஓர் உதைக்கலை இருக்கிறது என்பதே புதிய செய்தியாக இருக்கும்.

தெக்கியோன் போட்டியில் டேஜொப் என்று ஒரு விதி உண்டு. அந்தச் சொல்லுக்கு உபசரிப்பு என்று பொருள். அதாவது, விருந்தினரை வரவேற்று உபசரிக்கிறோம் அல்லவா, அதே சொல்தான். களத்தில் நிற்கும் இருவரும் தங்கள் கால்களில் ஒன்றை எதிராளிக்கு எட்டும் தொலைவில் முன்னே வைத்தே ஆக வேண்டும். எட்டாத தூரத்தில் ஒதுங்கி நின்று, வாய்ப்புப் பார்த்துப் பாய்ந்து அடித்துவிட்டு விலகுவதற்கு இடமில்லை. என்னைத் தாக்க உனக்கு வாய்ப்புத் தருகிறேன், அதேபோல் நீயும் எனக்குத் தா என்று சொல்லி நிற்பதற்குச் சமம் அது. முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் என்னை அப்படி நிற்கச் சொன்னபோது என் முன்னங்கால் தானாகவே பின்னுக்கு வந்தது. நான்கு முறை அவர் குனிந்து, என் கணுக்காலைப் பிடித்து, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

இந்த விதியால் மற்ற அனைத்தும் மாறிவிடுகின்றன. கால் எட்டும் இடத்திலேயே இருப்பதால், அதை அசையாமல் வைத்திருந்தால் வாரிவிடுவார்கள். ஆகவே கால்கள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று சதுரங்களை அடுக்கினாற்போன்ற ஒரு சீன எழுத்தின் வடிவில், முக்கோணத்தின் மூன்று முனைகளை மிதித்து மிதித்து நகர்கிற காலடி அவர்களுடையது. முழங்கால் மடங்கும், இடுப்பு முன்னே வரும், தோள்கள் தளர்ந்து ஆடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இருவர் சேர்ந்து ஆடுவது போலவே தோன்றும். எதிராளியைக் கீழே விழச் செய்தாலோ முகத்தைக் காலால் தொட்டாலோ வெற்றி. உடம்பில் உதைக்கும்போது உள்ளங்காலால் தள்ளுவது போல உதைக்க வேண்டும். குத்திக் காயப்படுத்தக் கூடாது. அவ்வளவு அருகில் காலை வைத்து உபசரிப்பவனை எலும்பு முறிய உதைப்பது உபசரிப்பு ஆகாது என்பதை யாரும் எனக்கு விளக்கத் தேவை ஏற்படவில்லை.

இந்தக் கலை பிழைத்த கதையும் சொல்லத் தக்கது. முற்காலத்தில் சியோல் நகரின் பேட்டைகள் தங்களுக்குள் அணி பிரித்துத் தெக்கியோன் ஆடின. கொரியா 1910-இல் ஜப்பானின் ஆளுகைக்குள் சென்ற பிறகு இத்தகைய கூட்டங்கள் ஒடுக்கப்பட்டன. அடுத்து உலகப் போர், அதையடுத்துக் கொரியப் போர். எல்லாம் ஓய்ந்த பின்னர், பழைய முறையில் கற்றவர் என்று காட்டுவதற்கு ஏறத்தாழ ஒருவரே எஞ்சியிருந்தார். அவர் பெயர் சோங் டொக்-கி, 1893-இல் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோது இம் ஹோ என்பவரிடம் கற்றவர். நாட்டின் அதிபர் சிங்மேன் ரீயின் பிறந்தநாளை ஒட்டி 1958-இல் அவர் தெக்கியோனை ஆடிக்காட்டினார். சுங்ஜுவைச் சேர்ந்த ஷின் ஹான்-சுங் அவரைத் தேடிச் சென்று கற்று, அசைவுகளை வகைப்படுத்திப் பாடமாக்கினார். இவ்விருவருடைய உழைப்பின் பயனாக 1983-இல் கொரிய அரசு தெக்கியோனை 76-ஆம் எண் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நான்கே ஆண்டுகளில், 1987-இல், இருவருமே காலமாகிவிட்டார்கள். அந்த அறிவிப்பு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் பதறும். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2011-இல் சேர்க்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் போர்க்கலை என்று கொரியர்கள் அதைப் பெருமையுடன் கொண்டாடினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோங் டொக்-கி என்ற ஒரே உடம்பிலிருந்து கற்றவர்கள் பிற்பாடு வெவ்வேறு சங்கங்களாகப் பிரிந்தார்கள். பெரியவர் எப்படிக் காலை வைத்தார், கையை எவ்வளவு பயன்படுத்தினார் என்பதில் அவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. போட்டிக்கு ஏற்காத கடுமையான பழைய அடிகளும் அவரிடம் இருந்தன. நான் கற்றது ஒரு பிரிவினரின் முறை. மற்றொரு பிரிவில் கற்றவர் இதையே வேறு விதமாக எழுதக்கூடும்.

கேள்வி கேட்டவர்

உபசரிப்பு என்ற சொல்லைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அம்மா. நேற்றைய வகுப்பில் பிள்ளைகளுக்கு அதை மட்டும்தான் சொன்னேன். நைஜீரியாவில் பணியாற்றிய ஐயாவுக்கும் நன்றி. தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களின் கம்புச் சண்டையிலும் ஒரு கையில் தாக்கும் கம்பும், மறு கையில் தடுக்கும் கம்புடன் சிறு தோல் கேடயமும் இருக்கும் என்று படித்திருக்கிறேன். நெல்சன் மண்டேலாவும் குனு என்ற சிற்றூரில் மாடு மேய்த்த சிறுவனாக இருந்த காலத்தில் கம்புச் சண்டை பழகியவரே. ஈட்டியும் கேடயமும் கண்டத்தின் இரு மூலைகளில் இரு வேறு உருவங்களில் தங்கியிருப்பதை அறிந்து வியந்தேன். குளிர்நாடுகளில் இத்தகைய கலை எதுவும் உண்டா?

மறுமொழி 3

உண்டு. ஐஸ்லாந்தின் கிலீமா.

மீன் பதப்படுத்தும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணிக்காக அந்த நாட்டில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தேன். உடன் வேலை செய்தவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பள்ளி விளையாட்டுக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மற்போர் என்று சொல்லி அழைத்துச் சென்றதால், நம் ஊர்க் குஸ்தியைப் போலத் தலையோடு தலை முட்டிக் குனிந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கே இருவரும் நெஞ்சு நிமிர்த்தி நேராக நின்றார்கள். இடுப்பில் ஒரு தோல் வார், இரு தொடைகளிலும் அதனுடன் இணைந்த வார்கள். ஒருவர் மற்றவரின் இடுப்பு வாரை ஒரு கையாலும் தொடை வாரை மறு கையாலும் பற்றிக்கொள்ள வேண்டும், பற்றிய பிடியை விடக் கூடாது. பற்றியபடியே இருவரும் கடிகார முள் சுற்றும் திசையில் அடியெடுத்து வைத்துச் சுழல்கிறார்கள். அந்தச் சுழற்சியின் நடுவில் திடீரென்று ஒருவர் குதிகாலைக் கொக்கிபோல மாட்டுகிறார், அல்லது இடுப்பால் தூக்கி வீசுகிறார். அடிப்படை வீழ்த்துமுறைகள் எட்டே எட்டு.

உங்கள் கேள்விக்கு உரிய விதி கண்களைப் பற்றியது. கீழே, கால்களைப் பார்க்கக் கூடாது. எதிராளியின் தோளுக்கு மேலாகத் தொலைவில் பார்வையை வைத்தபடியே ஆட வேண்டும். அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதைத் தொடு உணர்வால்தான் அறிய வேண்டும். முழங்கைக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உடற்பகுதி எதுவும் தரையைத் தொட்டால் தோல்வி. தோற்கடித்தவர் தம் காலிலேயே நிற்க வேண்டும்; விழுகிறவரைத் தொடர்ந்து அழுத்தித் தள்ளுவதோ அவர்மேல் விழுவதோ பெருங்குற்றம். அந்தக் குற்றத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நீத். பழைய ஐஸ்லாந்து மொழியில் ஒருவரின் மானத்தைக் கெடுக்கும் வசைக்கு உரிய சொல் அது. விழுந்தவன்மேல் விழுவதையும், வசைபாடி ஒருவனை இழிவுபடுத்துவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள் என்று நண்பர் சொன்னபோது, உங்கள் ஆசான் சுவரில் சாத்திய கம்பு போன்ற ஏதோ ஒன்று எனக்குள்ளும் நடந்தது.

நாட்டின் முதன்மைப் பரிசான கிரெத்திர் வாருக்கான போட்டி 1906-இல் அகுரெய்ரி நகரில் தொடங்கியது. 1907-லும் 1908-லும் வென்ற யோகன்னஸ் யோசெப்சன் பின்பு வெளிநாடுகளில் ஊர் ஊராக இக்கலையைக் காட்டிப் பொருளீட்டி, நாடு திரும்பி, தலைநகரில் 1930-இல் திறக்கப்பட்ட போர்க் என்னும் ஓட்டலைக் கட்டினார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1912-இல் நடந்த ஒலிம்பிக்கிலும் கிலீமா ஆடிக்காட்டப்பட்டது. பெண்களுக்கான தனிப் பரிசு 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. நான் பார்த்த நாளில் மிக அழகாக ஆடியவர் ஒரு பெண்தான். சுழலும்போது அவர் முகத்தைப் பார்த்தால், சன்னல் வழியே யாரோ வருவதை எதிர்பார்த்து நிற்பவர் போல இருந்தது.

மறுமொழி 4

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லாரும் மனம் ஒன்றி எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன். விதியைக் கொண்டு கலையின் குணத்தை அறியலாம் என்பது சரிதான், ஆனால் அந்த விதியின் வயதையும் கூடவே கேட்க வேண்டும். பல விதிகள் கலையோடு பிறந்தவை அல்ல. அதை மீட்டெடுத்தவர்கள் தம் காலத்துக்கு ஏற்ப எழுதியவை.

நான் பாரிஸ் நகருக்கு அருகே வசிக்கிறேன். இங்கே ஐந்து ஆண்டுகளாகக் கைத்தடிச் சண்டை பயில்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் தெருவில் வாளேந்திச் செல்லும் வழக்கம் மறைந்தபோது, கனவான்கள் கையில் பிடித்து நடந்த தடியே அவர்களுக்குத் தற்காப்புக் கருவி ஆயிற்று. அன்றைய தடி கனமானது; அடித்தால் மண்டை உடையும்; அதன் நுனியால் குத்தவும் செய்தார்கள். இன்று நாங்கள் பிடிக்கும் தடி செஸ்ட்நட் மரத்தால் ஆனது. நீளம் 95 சென்டிமீட்டர். எடை சுமார் 130 கிராம்தான். நுனியால் குத்துவது அறவே கூடாது. அனுமதிக்கப்பட்ட வீச்சுகள் ஆறு. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் தடி பிடித்த கையை உடம்புக்குப் பின்னே கொண்டுசென்று ஓங்கியாக வேண்டும். காலின் கீழ்ப்பகுதியில் அடிப்பதானால் நன்றாகத் தாழ்ந்து காலை நீட்டித்தான் அடிக்க வேண்டும். ஓங்குவது எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே தடுக்கவும் தாவவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது. மிக அழகான விதி, இதையும் உபசரிப்பு என்றே சொல்லலாம். ஆனால் இந்த ஒழுங்கை மொரீஸ் சாரி என்பவர் 1970-களில்தான் அமைத்தார். இதை வைத்து 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரரின் குணத்தை எடைபோட்டால் தவறிவிடுவோம்.

எகிப்தின் தெற்குப் பகுதியில் ஆடப்படும் தஹ்தீப் என்ற கம்பு விளையாட்டும் இத்தகையதே. அபூசீரில் உள்ள ஐந்தாம் அரச மரபுக் காலச் சிற்பங்களிலேயே கம்புப் பயிற்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இன்றோ அது திருமணங்களில் மேளமும் குழலும் முழங்க, ஒருவரையொருவர் உண்மையில் அடித்துவிடாமல் ஆடும் ஆட்டம். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் இந்த வடிவம்தான். சிலம்பக்காரர் என்ற முறையில் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய கலை அது. ஆனால் அடிக்காமல் நிறுத்தும் வழக்கத்தைப் பார்வோன் காலத்துப் படைவீரர் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

மறுமொழி 2 எழுதியவர்

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். தெக்கியோனிலும் இன்றைய போட்டி விதிகளுக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர்கள் மீட்டெடுத்தவர்களே. ஆயினும், புதிதாக எழுதப்பட்ட விதி ஒரு கலையில் ஒட்டுவதற்கும், ஒட்டாமல் உதிர்ந்துபோவதற்கும் காரணம் இருக்கும் அல்லவா? சாரி அவர்கள் குத்துவதை விட்டுவிட்டு ஓங்குவதைத் தேர்ந்தெடுத்தார் என்றால், தடியின் அழகு எதில் இருக்கிறது என்பதைப் பற்றி அவருக்கு முன்பு ஆடியவர்களிடமிருந்து ஏதோ ஒன்று அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த வகையில் 1970-களின் விதியும் ஒரு சாட்சியே என்று நினைக்கிறேன். நம் கேள்வியாளரின் ஆசான் போட்ட விதியும் எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அது அவருக்குக் கற்றுக்கொடுத்தது குறைந்துவிடவில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. பாரிஸ் அன்பரின் எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் இனி எந்த விதியைச் சொன்னாலும் அது எப்போது வந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

சனிக்கிழமை மாலை ஒரு சோதனை செய்தோம். மாடித் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டடி அகலத்தில் ஒரு வட்டம் வரைந்து, இணையாக ஆடும் இருவரும் ஆளுக்கொரு காலை எப்போதும் அதற்குள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். நீளம் குறைந்த கம்புகளைக் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் எல்லாருடைய முழங்காலுக்குக் கீழேயும் அடி விழுந்தது. ஒருவன் அழவும் செய்தான். அதன் பிறகு கம்புகளின் ஓசை மாறியது. வழக்கமாகக் கேட்கிற விர்ரென்ற வீச்சு ஓசை குறைந்து, கம்போடு கம்பு தொட்டுத் தொட்டு விலகும் சிறு ஓசைகள் கூடின. உயரத்தையும் கை நீளத்தையும் நம்பியே எப்போதும் வென்றுவந்த பெரிய பையன், ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் இரண்டு முறை கம்பைப் பறிகொடுத்தான். இரண்டு முறையும் அவன் குனிந்து எடுத்து நிமிரும் வரை, வட்டத்திலிருந்து காலை எடுக்காமல் அவள் காத்திருந்தாள்.

கொரியாவில் இருந்த அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். முன்னே வைத்த காலை மாற்றும்போது, ஒரு கணம் இரண்டு கால்களும் வட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அந்தக் கணத்தில் அடிக்கலாமா கூடாதா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. உங்கள் வகுப்பில் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று எழுதினால், அடுத்த சனிக்கிழமைக்குள் படித்துக்கொள்வேன்.